ரவீன் மூடாமல் போன கனெக்‌ஷன்கள்

அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் பழுது பார்ப்பது, அடுத்தவர் அடிப்பிடிக்க விட்ட சட்டியை நாம் குந்திக்கொண்டு தேய்ப்பது மாதிரி; சமைத்தவர் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், கரி நம் கையில் ஒட்டும். மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு கடைவீட்டு மாடியில், முதலாளி சொக்கலிங்கமும் நானுமாக ஓட்டும் சின்ன கம்பெனியில் எனக்கு இதுதான் வேலை. முதலாளி பேசுவார், நான் தேய்ப்பேன். எவனோ எழுதிவிட்டுப் போனதற்கு என்னைப் போலவே தினமும் ஏச்சு வாங்கும் சகோதர சகோதரிகளே, வாருங்கள், உட்காருங்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி அழுவேன்?

பெரட்டில் கடைசி ஆள்

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியது ஒரு டயாலிசிஸ் சென்டர். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, கையில் ஊசியோடு மெஷின் பக்கத்தில் படுத்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். காலையில் எல்லாரும் வரிசையில் நின்று எடை பார்க்க வேண்டும். நர்ஸ் கணினியில் அவரவர் பக்கத்தைத் திறந்து, டாக்டர் குறித்த எடை என்ன, இன்றைய எடை என்ன, உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்று பார்த்த பிறகுதான் ஊசி. முன்பு இதெல்லாம் தாளில் இருந்ததாம். "தாளே இல்லாத சென்டர்" என்று பெருமையடித்து அதை ஒழித்துக் கட்டியவர் எங்கள் முதலாளிதான். ஆகவே கணினி நின்றால் ஊசியும் நிற்கும்.

கணினி தினமும் நின்றது. முதலில் வருகிறவர்களுக்கு ஜோராக ஓடும், வரிசையின் கடைசிக்கு வரும்போது திரை அப்படியே உறைந்துவிடும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் பெருமாள் அண்ணன். செமோரிலிருந்து பஸ் பிடித்து வருவதால் எப்போதும் அவருக்குக் கடைசி இடம்தான். மெஷினிலிருந்து எழுந்ததும் நேரே ஜாகா வேலைக்கு ஓட வேண்டும். கேட் போட்ட ஒரு தாமான் குடியிருப்பில் காவல் நின்று, வருகிற காடிகளை, அதாவது கார்களை, பார்த்துத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிடுகிற வேலை. இன்னொரு முறை தாமதமாக வந்தால் வரவே வேண்டாம் என்று அங்கே அவருக்கு முதலாளியான தவுக்கே சொல்லிவிட்டார். மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். கிட்னி போன மனிதருக்கு வேறு எவன் வேலை தருவான்?

ஒரு நாள் நான் சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பிக்கொண்டிருக்கும்போது, அவர் தலைமை நர்ஸ் தேவகி சிஸ்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். தாமதமாகக் குத்தினால் என்ன, முடிக்கும்போது அரை மணி நேரம் முன்னாடியே ஊசியைப் பிடுங்கிவிடுங்கள் என்று. சிஸ்டர், "தண்ணி நெஞ்சுல ஏறி மூச்சு முட்டுனா உங்க தவுக்கேவா வந்து தூக்குவாரு?" என்று ஒரு போடு போட்டார். ஒரு மனிதன் தன் உயிரில் அரை மணி நேரத்தை வெட்டிக் கொடுக்கிறேன் என்று நிற்கிறான், காரணம் நாங்கள் விற்ற புரோகிராம். பெருமாள் அண்ணன் அந்த எடை வரிசையைப் பெரட்டு என்றுதான் சொல்லுவார். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் தண்டல் என்கிற மேஸ்திரி பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவாரே, அந்தப் பெரட்டு. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பெரட்டுக்கு லேட்டா போனா தண்டல் அன்னைக்கு ஒரு நாளுதான் திருப்பி அனுப்புவாரு லா மா, உன் பொட்டி என்னை ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிரும் போல இருக்கு."

சிங்கப்பூரிலிருந்து வந்த பதில்

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் பெயர், எடை, இரத்த அழுத்தம், ஒத்துக்கொள்ளாத மருந்து என்று வரிசையாகத் தகவல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புரோகிராம் டேட்டாபேஸுக்குப் புதிதாக ஒரு கனெக்‌ஷன் திறக்கிறது. வேலை முடிந்ததும் மூடுவதும் இல்லை, அடுத்த கேள்விக்கு அதையே பயன்படுத்துவதும் இல்லை. மளிகைக் கடைக்குப் போன் போட்டு "உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் போனை வைக்காமல், இன்னொரு போன் எடுத்து "சீனி இருக்கா?" என்று கேட்கிற கதை. டேட்டாபேஸ் ஒரே சமயத்தில் இத்தனை பேரோடுதான் பேசும் என்று கணக்கு உண்டு. அது நிறைந்ததும் கதவைச் சாத்திவிடும். அந்த நேரம் பார்த்து பெருமாள் அண்ணன் தராசில் ஏறியிருப்பார்.

எழுதியவன் ரவீன். எனக்கு முன்னால் இங்கே இருந்தவன், இப்போது சிங்கப்பூரில் பெரிய வேலை. நான் இங்கே அவன் எழுதியதைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவன் கடற்கரையில் கூலிங் கிளாஸ் போட்ட படமாகப் போட்டுக்கொண்டிருந்தான். தம்பி, இப்படித் திறந்து திறந்து விட்டிருக்கிறாயே, ஒன்றைக்கூட மூடவில்லையே என்று வாட்ஸாப்பில் கேட்டேன். மறுநாள்தான் பதில் வந்தது, கட்டை விரல் படத்தோடு: "என் லேப்டாப்ல சூப்பரா ஓடுச்சுக்கா, ஒரே ஒரு பேஷண்ட்ட வச்சுத்தானே டெஸ்ட் பண்ணேன்."

டீப்பை

புரோகிராமில் கை வைக்க முதலாளியின் சம்மதம் வேண்டும். லேசில் கிடைக்குமா? ஓடுகிற வண்டியை ஏன் கழற்றுகிறாய் என்பார். வண்டி ஓடவே இல்லை என்று நான் கத்துவேன். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் என்னை தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில்தான் வந்து பார்க்க வேண்டும் என்றேன். அங்கே புரோகிராம் யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து வரச் சொன்னார். அந்த ஆளிடம் கோபப்பட்டும் பிரயோசனம் இல்லை.

சொக்கலிங்கம் சார் எதையும் ஒரு தடவையோடு விடுகிறவர் இல்லை. வந்த கடித உறையைத் திருப்பி ஒட்டி அனுப்புவார். ஒரு டீப்பையில் இரண்டு கோப்பை போடுவார். முதல் கோப்பை அவருக்கு, இரண்டாவது வந்தவருக்கு. அன்றைக்கு அவர் அந்த இரண்டாவது கோப்பையை எனக்கு நீட்டும்போதுதான் மண்டையில் பொறி தட்டியது. சார், இந்த புரோகிராம் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு புது டீப்பை போடுகிறது, போட்ட பையை எடுத்துப் போடுவதும் இல்லை என்றேன். மனிதருக்கு முகமே மாறிவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இத்தனை நாள் தன் கம்பெனியில் இப்படி ஓர் ஊதாரித்தனம் நடந்ததா என்று ரவீனை ஏசித் தீர்த்தார். சரி, புரிந்துவிட்டது, பிழைத்தோம் என்று நான் மூச்சு விடுவதற்குள் உத்தரவு வந்தது: "அப்ப சென்டர் முழுக்க ஒரே கனெக்‌ஷன் போதும்மா, எதுக்கு வீணா ரெண்டு?"

மேசையில் வைத்த குடை

ஒன்று போதாது, நாலைந்தைத் திறந்து பொதுவில் வைத்துக்கொண்டு, வேண்டியவர் எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைப்பதுதான் முறை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே! அவர் அதற்குள் சென்டருக்குப் போன் போட்டு, "ஒண்ணே ஒண்ணுல ஓட்டிக் காட்டுறோம்" என்று சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்றில் ஓட்டினேன். முதல் நாள் நன்றாகவே ஓடியது. முதலாளி எனக்கு முதல் கோப்பை டீயைக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் தேவகி சிஸ்டர் பசியாறப் போனார். சென்டர் நர்ஸ்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே போவதற்கு முன் தங்கள் நோயாளியின் பக்கத்தைத் திறந்து, எடைக் கட்டத்தில் பாதி எழுதி, அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மெஷின் எனக்கு, யாரும் தொடாதே என்று அர்த்தம். கோப்பிக் கடையில் மேசைமேல் குடையை வைத்துவிட்டுப் போவோமே, அதே மாதிரி. இது ரவீனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பாதி எழுதிய பக்கம் அந்த ஒரே கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டது. மற்ற நர்ஸ்கள் எல்லாரும் திரையைப் பார்த்தபடி நிற்கிறார்கள், நோயாளிகள் நிற்கிறார்கள், கடைசியில் பெருமாள் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். சிஸ்டர் கீழே கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் படியில் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கறியைத் தொட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் சுமதி, இத்தனை பேருக்கு ஒரே ஒரு வீல்சேர் வாங்கிப் போட்டுட்டு, அதுல உக்காந்தவளைப் போய் ஏசுறியே, நியாயமா?"

முதல் இடம்

அதற்குப் பிறகு முதலாளியைக் கேட்கவில்லை. நாலைந்து கனெக்‌ஷன்களைப் பொதுவில் வைத்தேன். எடு, கேள், திருப்பி வை. பாதியில் விட்டுவிட்டுப் போகிற பக்கம் எதையும் பிடித்துவைக்க முடியாதபடியும் மாற்றினேன். போதாதற்கு, இனி எந்தக் கோளாறு வந்தாலும் பெருமாள் அண்ணன் மாட்டக்கூடாது என்று சிஸ்டரிடம் கேட்டு, அவருக்கு வரிசையில் முதல் இடமும் வாங்கிக் கொடுத்தேன். அவரும் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு விடியும் முன்பே வந்துவிட்டார். என்னைவிடப் புத்திசாலி இந்தப் பேரா மாநிலத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் தராசில் ஏறினார், சிஸ்டர் பக்கத்தைத் தட்டினார், திரையில் சிவப்பு எழுத்து. ராத்திரி முழுக்க ஒருவரும் எதுவும் கேட்காததால், சும்மா கிடந்த கனெக்‌ஷன்களை டேட்டாபேஸ் தானாகவே அறுத்துவிட்டிருந்தது. புரோகிராமுக்கு அது தெரியாது. செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தது. பயன்படுத்தும் முன்பு "இருக்கிறாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதில் இல்லாவிட்டால் புதிதாகத் திறக்கும்படி அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அவருடைய நேரம் போயேவிட்டது. தராசிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டே பெருமாள் அண்ணன் கேட்டார்: "கடைசில நின்னாலும் எனக்குத்தான், முதல்ல நின்னாலும் எனக்குத்தான், இதுக்கு என் மூஞ்சி தெரியுமா மா?"

கேட்டுக்கு மேலே ஒரு கண்

அன்று தாமதமாக ஊசி குத்தி முடித்ததும் அவரை என் காடியில் ஏற்றிக்கொண்டு நானே வேலைக்குக் கொண்டுபோய் விட்டேன். மெஷினிலிருந்து இறங்கிய உடம்பு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே வந்தார். நான் ஹாரன் அடித்தது, முந்தியது, சிவப்பு விளக்கை ஏசியது எதையும் அவர் பார்க்கவில்லை. அவர் காவல் காக்கும் தாமான் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். அவர் பிறந்ததும் அங்கேதானாம். தாமானுக்கு என்னவோ இங்கிலீஷ் பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் இன்னும் தோட்டத்துப் பழைய பெயரால் ரெண்டாவது டிவிஷன் என்றுதான் சொல்கிறார். நல்லவேளை, தவுக்கே வந்து பார்ப்பதற்குள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றுவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு சென்டரில் புரோகிராம் நிற்கவே இல்லை. இனி நிம்மதி என்றுதானே நினைப்பீர்கள்? அன்றைக்கு கேட்டில் ஏணி போட்டு இரண்டு பேர் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், ஆனால் கேட்கத் தோன்றவில்லை. காடியின் நம்பரைப் படித்து, இந்த வீட்டுக்காரர்தானா என்று டேட்டாபேஸில் பார்த்து, கம்பத்தைத் தானாகத் தூக்கும் கேமரா. சோதனை ஓட்டம் முடிந்ததும் ஜாகாக்கள் வேண்டாமாம். சென்டரில் இதைச் சொன்னபோது பெருமாள் அண்ணன் குரலில் கோபம்கூட இல்லை: "லேட்டா போனாதான் வேலை போகும்னு பாத்தேன் மா, நேரத்துக்குப் போனாலும் போகுது லா."

அதே கை

கேமரா ஓடத் தொடங்கியது. பகலில் ஜோர். மாலையில் எல்லாரும் வேலை முடிந்து திரும்பும் நேரம், காடிகள் வரிசையாக வந்ததும் கம்பம் அசையாது. காடி வரிசை மெயின் ரோடு வரை நிற்கும், ஹாரன் காதைப் பிளக்கும். பெருமாள் அண்ணன்தான் ஓடி ஓடிக் கையால் தூக்குவார். வீட்டுக்காரர்கள் கண்ணாடியை இறக்கி அவருக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தார்கள். தவுக்கேகூட தோளில் தட்டினாராம். மனிதர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததே இல்லை.

ஒரு காலையில் சொக்கலிங்கம் சார் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அந்தத் தாமான்காரர்கள் கேட் புரோகிராமைச் சரி செய்ய நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அதைச் சரி செய்தால் பெருமாள் அண்ணன் வேலை போய்விடுமே. திறந்து பார்த்தேன். ஒவ்வொரு காடிக்கும் ஒரு புது கனெக்‌ஷன். மூடவில்லை. கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கும் இருந்தது. ரவீன் சிங்கப்பூர் போகும் முன் பகுதி நேரமாக வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுத்த வேலை அது. சென்டரில் இருந்த அதே வரிகள், அதே எழுத்துப் பிழைகூட. ஒரு காபி போட்டுக் குடிக்கும் நேரத்தில் சரி செய்துவிடலாம். முதலாளிக்கோ ஒரே சந்தோஷம்: "நம்ம ரவீன் கெடுத்ததுதானேம்மா, நமக்கு ரொம்ப ஈசி லா!"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. அடுத்த முறை சென்டருக்குப் போனபோது பெருமாள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்தார். என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்: "இங்க பண்ணுன மாதிரியே அங்கயும் நல்லாப் பண்ணிருவியா மா?"

மழைக்கு யார் பொறுப்பு?

நல்லாத்தான் பண்ணினேன். வேண்டுமென்றே கெட்ட வேலை செய்ய எனக்குக் கை வராது. செய்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. முதலாளி, தாமான் வீட்டுக்காரர்களின் செயற்குழுவுக்குக் காலையிலேயே ஓட்டிக் காட்டிவிடுவோம் என்றார். காலையில் இரண்டு காடிதான் வரும், மாலை நெரிசலில் காட்டினால்தான் நம்புவார்கள் என்றேன். அது உண்மைதான். ஈப்போவில் மாலை நேரத்தில் நெரிசலோடு சேர்ந்து வேறென்ன வரும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செயற்குழுத் தலைவி கமலா டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குடையோடு வந்து நின்றார். காடிகள் வந்தன, கம்பம் ஏறி இறங்கியது, ஒரு தடங்கல் இல்லை. பெருமாள் அண்ணன் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சுவர் ஓரமாக நின்றார். அவர் பக்கம் திரும்ப எனக்கு முகமில்லை. இனிமேல் இது நிற்கவே நிற்காதா என்று டீச்சர் கேட்டார். முதலாளி "நிக்கவே..." என்று ஆரம்பிக்க, நான் குறுக்கே விழுந்தேன். "புரோகிராம் நிக்காது டீச்சர். மழை வந்து லைன் போனா அது என் கையில இல்ல. அப்ப யாராவது ஒருத்தர் இங்க நிக்கணும்." முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அந்த மாதச் சம்பளமே பறிபோவது தெரிந்தது.

மலைப் பக்கம் ஏற்கெனவே கறுத்திருந்தது. பேச்சு முடிவதற்குள் இடி ஒன்று விழுந்தது, மழை கொட்டியது, லைன் போனது, கேமரா குருடானது. கம்பம் அசையவில்லை. முதல் காடியில் இருந்தவர் டீச்சரின் கணவர். ஹாரனை அழுத்திய கையை அவர் எடுக்கவே இல்லை. யாரும் எதுவும் சொல்லாமலே பெருமாள் அண்ணன் நனைந்துகொண்டே போய்க் கம்பத்தைத் தூக்கினார். ஒவ்வொரு காடிக்கும் தூக்கினார், இறக்கினார். லைன் வரும் வரை டீச்சர் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் முதலாளியிடம், வகுப்பில் சொல்வது மாதிரி நிறுத்திச் சொன்னார்: "சொக்கலிங்கம், உங்க மெஷினும் இருக்கட்டும், எங்க பெருமாளும் இருக்கட்டும்."

நான் காடிக்குள் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. வைப்பர் போட்டால் வெளியே இருந்து தெரியுமே என்று அதையும் போடாமல் உட்கார்ந்திருந்தேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பெருமாள் அண்ணன். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுக, குனிந்து, ரகசியம் பேசுவது மாதிரி கேட்டார்: "ஏன் மா, இந்த மழைக்கும் நீதான் புரோகிராம் எழுதுனியா?"

ரவீனை நான் ஏசாத நாள் கிடையாது, இனியும் ஏசுவேன், ஆனால் அந்தப் புண்ணியவான் திறந்ததை எல்லாம் ஒழுங்காக மூடிவிட்டுப் போயிருந்தால் எனக்கும் வேலை இருந்திருக்காது, பெருமாள் அண்ணனுக்கும் இருந்திருக்காது என்பதை மட்டும் தயவுசெய்து என் முதலாளி காதில் போட்டுவிடாதீர்கள்.